வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி தேவையா? வடசென்னையில் யோசிக்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோடு பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜவுளிக் கடை, ஆடி மாதம் கல்லாப் பணத்தை ராத்திரி பையில் போட்டு வீட்டுக்குத்தான் கொண்டுவருவேன். அந்தத் திருட்டைக் கேட்ட அன்றிலிருந்து சின்னச் சத்தத்துக்கும் முழித்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் எடுப்பது என்று முடிவும் செய்துவிட்டேன். அப்புறம் ஆறு மாதம் படிவம், அங்கே இங்கே விசாரிப்பு, தெரிந்தவர்களிடம் பேச்சு என்று போனது. அதில் தெரிந்துகொண்டதை, இப்போது அதே பயத்தில் இருக்கிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இங்கே பேசுவது லைசென்ஸ் உள்ள துப்பாக்கியைப் பற்றி மட்டும். யாரோ ஒருவர் ‘குறைஞ்ச விலையில முடிச்சுத் தரேன்’ என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. போலீஸ், ராணுவம் பயன்படுத்தும் தடைசெய்யப்பட்ட வகை என்றால் தண்டனை அதைவிட மிக அதிகம். வீட்டைக் காப்பாற்றப் போய் வீட்டை விட்டே போக வேண்டியிருக்கும்.

யாரை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். மனதுக்குள் வைத்திருந்தால் பயம் ஒரே உருண்டையாகத்தான் இருக்கும், எழுதினால்தான் பிரியும். நான் எழுதியபோது மூன்றாகப் பிரிந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டை உடைக்கிறவன் ஒன்று. ராத்திரி ஜன்னல் வழியாகக் கையை விட்டு சார்ஜில் இருக்கும் போனை எடுக்கிறவன், மொட்டை மாடிக் கதவு வழியாக இறங்குகிறவன், இவர்கள் இரண்டு. மூன்றாவது, என்னைத் தெரிந்து, என்னைக் குறிவைத்து வருகிறவன்.

முதல் ஆளுக்குத் துப்பாக்கியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் அவன் வருவதே நீங்கள் இல்லாதபோதுதான். இன்னும் மோசம், நகையோடு துப்பாக்கியும் போய்விடும், போன துப்பாக்கிக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும். இரண்டாவது ஆள் விளக்கு எரிந்தாலோ ஒருவர் இருமினாலோ பெரும்பாலும் ஓடிவிடுவான். மூன்றாவது ஆள்தான் விஷயம். சொத்துத் தகராறு, கந்துவட்டி, மாமூல் கேட்டு மிரட்டல், குடும்பப் பகை என்று உங்கள் பயத்துக்கு ஒரு பெயரும் முகமும் இருக்கிறதா? இருந்தால் துப்பாக்கிக்கு முன்னால் செய்யவேண்டியது போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார். புகார் கொடுத்துவிட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மிரட்டுகிற ஆளிடம் ‘இனி வம்புக்குப் போகமாட்டேன்’ என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கவும் வழி இருக்கிறது. நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம், பின்னால் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாலும் ‘உங்களுக்கு என்ன ஆபத்து’ என்ற கேள்விக்குக் காட்டவேண்டிய காகிதங்கள் இதே புகாரும் ரசீதும்தான்.

என் தாளில் மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த நமக்கே சில நேரம் அது உள்ளே ஏறிவிடுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், உங்கள் தெருவைப் பார்த்து எடுங்கள். காசிமேட்டில் ஏலத்துக்குப் போகிறவர்கள், பால் வண்டி, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் என்று எங்கள் தெருவில் விடியற்காலை மூன்று மணிக்கே ஆள் நடமாட்டம் இருக்கும். ஒருவர் சத்தம் போட்டால் பத்து வீட்டுக் கதவு திறக்கும். பெரிய காம்பவுண்டு கட்டித் தனியாக இருக்கும் பங்களாக்காரருக்கு இந்தக் காவல் கிடையாது.

வீட்டுக்குள் யார் யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கூச்சம் பார்க்காதீர்கள். குழந்தைகள் இருக்கிறார்களா? குடிக்கிற ஆள் இருக்கிறாரா? கோபம் வந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறவர்? மனம் உடைந்து போய் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் தம்பி, பரீட்சையில் தோற்ற பெண், கடன் தொல்லையில் இருக்கும் நீங்களே? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால், என் கருத்து, துப்பாக்கி வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சுமார் 2.6 கோடிப் பேரை 12 வருடம் கவனித்து 2020-ல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டு இறந்தது, இல்லாதவர்களைவிடக் கிட்டத்தட்ட 8 மடங்கு என்று வந்தது. ஊர் வேறு, சட்டம் வேறு, ஆனால் மனித மனம் வேறு இல்லை. மிகவும் இருண்டுபோகும் நேரம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் கடந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

குழந்தை விஷயத்தில் ‘பீரோ மேல வெச்சா எட்டாது’ என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தீபாவளிக்கு ஒளித்துவைத்த அதிரசம் எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளை எந்த வீட்டிலாவது இருக்கிறதா?

ரிமோட்டை வைத்து ஒரு சோதனை

விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். செலவு எதுவும் இல்லை.

நான் டிவி ரிமோட்டைத் துப்பாக்கியாக வைத்துக்கொண்டேன். ஆறு சின்ன பேட்டரி செல்கள், அவைதான் தோட்டா. ரிமோட்டை பீரோ லாக்கரில் ஒரு துணியில் சுற்றி வைத்தேன், செல்களைத் தனியாக ஒரு டப்பாவில் கீழ்த் தட்டில். பீரோ சாவி எப்போதும் போல பூஜை அலமாரியில். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன், மனைவி வெளியே கேட்டிடம் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டைத் தட்டியதும் நான் எழுந்து கண்ணாடியைத் தேடிப் போட்டு, சாவி எடுத்து, பீரோவைத் திறந்து, லாக்கரைத் திறந்து, டப்பாவைத் திறந்து, ஆறு செல்லையும் ரிமோட்டின் பக்கத்தில் வரிசையாக அடுக்கி முடிக்கவேண்டும். இரண்டு செல் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. 1 நிமிடம் 50 விநாடி ஆனது. கேட்டிலிருந்து ஹால் வழியாகக் கட்டிலுக்கு அவள் நடந்து வந்ததையும் பார்த்தோம். 7 விநாடி.

ஒரு வாரம் பழகி 50 விநாடிக்குக் கொண்டுவந்தேன். அதற்குக் கீழே போகவேண்டுமானால் சாவியைத் தலையணைக்கடியில் வைக்கவேண்டும், தோட்டாவைப் போட்டே வைக்கவேண்டும். அப்படி வைத்தால் மூன்றாவது படிக்கும் என் பையனாலும் 50 விநாடிக்குள் எடுக்க முடியும். அவனால் முடியாதபடி பூட்டி வைத்தால் என்னாலும் நேரத்துக்கு எடுக்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க நான் நாலு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன், கைரேகைப் பூட்டு வரைக்கும் யோசித்தேன். கடைசியில் வேறு மாதிரித்தான் அவிழ்ந்தது. அந்த 7 விநாடியை 3 நிமிடமாக ஆக்குவது துப்பாக்கியின் வேலை இல்லை, கதவின் வேலை. கதவு மூன்று நிமிடம் தாங்கினால் துப்பாக்கியை எடுக்க நேரம் கிடைக்கும், சரி. ஆனால் எங்கள் தெருவில் ஒருவன் மூன்று நிமிடம் கதவை உடைத்துக்கொண்டிருந்தால் அதற்குள் தெருவே வாசலில் நிற்கும்.

அதனால் என் வரிசை இதுதான்: கதவை முடியுங்கள், அதற்குப் பிறகும் ஆபத்து மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மட்டும் துப்பாக்கியைப் பற்றி யோசியுங்கள்.

கதவு வேலை

நம் பக்கத்து வீடுகளில் முன்கதவு தேக்காகவும் பின்கதவு, மாடிக் கதவு இரண்டும் ஊதிப்போன பிளைவுட்டாகவும் இருக்கும். திருடன் முன்பக்கம் வருவான் என்று யார் சொன்னது? முதலில் மொட்டை மாடிக் கதவைப் பாருங்கள். இரும்புத் தகடு அடித்த கதவு, உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள். கடல் காற்றில் கீலும் கொண்டியும் துருப்பிடித்து, பார்க்க நன்றாக இருந்தாலும் ஓங்கி ஒரு உதை விட்டால் கையோடு வந்துவிடும், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கொண்டியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஸ்க்ரூ அசைந்தால் மாற்றிவிடுங்கள், கட்டையில் அடித்த சின்ன ஸ்க்ரூவுக்குப் பதில் சுவருக்குள் இறங்கும் நீளமான போல்ட். கேட்டின் பூட்டு வெளியிலிருந்து கட்டர் போட முடியாதபடி உள்ளே தள்ளி, சுற்றித் தகடு வைத்து இருக்கட்டும். ஜன்னல் கிரில்லுக்கு உள்ளே கொசுவலை அடித்தால் கொசுவும் வராது, போன் எடுக்கிற கையும் வராது. ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்று வாசலில், ஒன்று மாடிப்படியில்.

ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். 2022-ல் வந்த ‘காவல் உதவி’ செயலியை வீட்டில் எல்லார் போனிலும் ஏற்றிவிடுங்கள், வயதானவர்களுக்கு 100, 112 இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பணம் வீட்டில் தங்கக்கூடாது என்பதுதான் இதில் பாதி. நான் இப்போது ராத்திரி கல்லாவில் சில்லறையோடுதான் கடையைப் பூட்டுகிறேன், பாதி வியாபாரம் ஜி-பேயில் வருகிறது, மிச்சத்தைச் சாயந்தரமே வங்கி மெஷினில் போட்டுவிடுகிறேன்.

மிளகு ஸ்ப்ரே வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் சின்ன அறைக்குள் அடித்தால் உங்கள் கண்ணும் சேர்ந்து எரியும், வாசலுக்குத்தான் அது. ஏர்கன் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத விசை என்றால் லைசென்ஸ் வேண்டாம், அது குறி பார்த்துப் பழக. திருடன் முன்னால் அதை நீட்டினால் அவன் அதை நிஜத் துப்பாக்கி என்று நினைத்துக் கையில் இருப்பதை வீசுவான், உங்களிடமோ அவனை நிறுத்த எதுவும் இருக்காது.

சட்டம் எதுவரைக்கும் கை கொடுக்கும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. சூரியன் மறைந்து உதிக்கும் வரையிலான நேரத்தில் வீட்டை உடைத்து நுழைவது, கொள்ளை, வீட்டுக்குத் தீ வைப்பது மாதிரியான சில சூழ்நிலைகளில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்பு செல்லும் என்று 41-வது பிரிவு சொல்கிறது. இதை மட்டும் கேட்டுவிட்டு ‘அப்ப சுடலாம்’ என்று கிளம்புகிறவர்கள் 37-ஐயும் படிக்கவேண்டும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸை அணுக நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. போனைத் திருடிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று நிற்க முடியாது. தற்காப்புதான் என்று காட்டவேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

சுவரையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஷீட், ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டுக் கட்டில். தவறிப் போகும் குண்டுக்கு ஷீட்டும் பிளைவுட்டும் ஒரு பொருட்டே இல்லை. ஹவுசிங் போர்டு குடியிருப்பின் நீள வராந்தாவில் எந்தப் பக்கம் சுட்டாலும் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் தேவை என்றால்

நிஜமான மிரட்டல், கையில் புகார் ரசீது, வீட்டில் சிக்கல் எதுவும் இல்லை, கதவு வேலையும் முடிந்தது. அப்படியானால் விண்ணப்பியுங்கள், அதில் தப்பு இல்லை. நகை வியாபாரம் மாதிரித் தொழிலே ஆபத்தாக இருக்கும் சிலருக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது.

துப்பாக்கி வைத்துக்கொள்வது நம் நாட்டில் அனுமதி, உரிமை இல்லை. 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள், இந்த இரண்டின்படிதான் எல்லாம். வயது 21 ஆகியிருக்கவேண்டும். வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், அமைதி காக்கப் பிணை எழுதிக் கொடுத்தவர் போன்றவர்களுக்குக் கிடைக்காது. நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியவேண்டிய ஒன்று, சொத்து இல்லை, வாடகை வீடு என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக்கூடாது என்று சட்டத்தின் 14-வது பிரிவே சொல்கிறது.

சென்னையில் லைசென்ஸ் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர், அலுவலகம் வேப்பேரி. ஆனால் 2022 ஜனவரியில் ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்துவிட்டன, அதனால் எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் உங்கள் ஸ்டேஷன் எதன் கீழ் வருகிறது என்று கேட்டுவிட்டு அலையுங்கள். ஆணையரகம் இல்லாத பகுதி என்றால் கலெக்டர். படிவம் ஏ-1, அடையாள, முகவரிச் சான்று, உடலும் மனமும் சரியாக இருக்கிறது என்ற மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி. அப்புறம் உங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள், அக்கம்பக்கத்திலும் கேட்பார்கள். மறுத்தால் பெரும்பாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், மேல்முறையீடு உண்டு. நடுவில் ‘நான் முடிச்சுத் தரேன்’ என்று பணம் கேட்டு வரும் ஆட்களிடம் ஏமாறாதீர்கள்.

கிடைப்பது .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், 12 போர் துப்பாக்கி, .315 ரைஃபிள் போன்றவை, எண்கள் எல்லாம் குழலின் அளவைச் சொல்பவை. 9 எம்.எம். தடைசெய்யப்பட்ட வகை. ஒருவர் அதிகபட்சம் இரண்டு வைத்திருக்கலாம், முன்பு மூன்றாக இருந்தது 2019-ல் குறைந்தது. லைசென்ஸ் 5 வருடம், தேதி தாண்டவிடாமல் புதுப்பிக்கவேண்டும். கல்யாணத்தில், கோயில் திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கும் அதே திருத்தம் 2 வருடம் வரை சிறை வைத்திருக்கிறது. பயிற்சியை ஒரு நாளோடு விடாதீர்கள், சென்னை ரைஃபிள் கிளப் மாதிரி இடத்தில் தொடர்ந்து சுட்டுப் பழகாதவர் கையில் அது வீட்டுக்காரருக்கே ஆபத்து.

வாங்கின பிறகு இருக்கும் வாழ்க்கையை யாரும் சொல்வதில்லை. பெரம்பூரில் எங்களுக்குத் தெரிந்த ராணுவ ஓய்வுக்காரர் ஒருவர் 12 போர் வைத்திருக்கிறார், மாமா என்றுதான் கூப்பிடுவேன். பழைய வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுக் குழலைத் துடைத்துக்கொண்டே பேசினார், குழலின் ஓரத்தில் விரல் பட்ட இடமெல்லாம் செம்பழுப்புப் புள்ளி. இந்த ஈரக்காற்றுக்கு வாரம் தவறாமல் துடைக்கவேண்டுமாம். “தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுக்கணும், முடிஞ்சதும் போய் வாங்கணும், அதுகூடப் பரவாயில்லப்பா” என்றார். “ஊர்ல கல்யாணம்னா இதை எங்க விட்டுட்டுப் போறது, அதைச் சொல்லு. பூட்டின வீட்ல இத வெச்சிட்டு நான் எப்படி நிம்மதியா தாலி கட்டறதப் பாக்கறது?”

“என்ன பண்றீங்க மாமா?”

“கடைக்காரர்ட்ட பத்திரத்துக்குக் குடுத்துட்டுப் போறேன். ரெண்டு நாள் கல்யாணத்துக்கு நாலு நாள் அலைச்சல்.”

லைசென்ஸ் உள்ள விற்பனையாளர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரப்படுத்தி வைப்பார்கள், ரசீது வாங்க மறக்காதீர்கள். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் ‘அப்பா ஞாபகம்’ என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, உடனே ஸ்டேஷனிலோ விற்பனையாளரிடமோ ஒப்படைக்கவேண்டும். இதை மனைவி, பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், துக்க வீட்டில் யாருக்கும் சட்டம் ஞாபகம் வராது.

நான் இறக்கிய படிவம் ஏ-1 இன்னும் கடை டிராயரில் பாதி எழுதியபடி இருக்கிறது, ‘தேவைப்படும் காரணம்’ என்ற கட்டத்துக்கு மேல் பேனா நகரவில்லை. மாடிக் கதவுக்குத் தகடு அடித்தாகிவிட்டது, தெருமுனை வெல்டர்தான் செய்தார். பின்கதவு பாக்கி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.